சுவருக்குள் போவது எல், கண்ணுக்குத் தெரிவது எம்

முடிவை முதலே சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர் இதோடு கடைக்குப் போகலாம். டைல்ஸுக்குப் பின்னால், சீலிங்குக்கு மேலே, திரும்பக் கை போக முடியாத இடத்தில் ஓடும் தண்ணிக்கு எல் (L) என்ற தடித்த ரகச் செப்புக் குழாயும், சோல்டர் என்ற உலோகக் கம்பியை உருக்கி ஒட்டிய பிட்டிங்கும் (குழாய்களை இணைக்கும் துண்டு). பேஸ்மன்டில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் பக்கம் தலைக்கு மேலே திறந்து கிடக்கும் ஓட்டத்துக்கு எம் (M) என்ற மெல்லிய ரகம் போதும். அமத்திப் பூட்டும் ஷார்க்பைட் என்ற பிட்டிங்கைச் சுவர் முழுக்கப் பூட்டவேண்டாம். இரண்டு மூன்றை வாங்கி அலுமாரிக்குள் வையுங்கள்.

என் வீடு கனடாவில், ரொறொன்ரோவின் ஸ்காபரோவில், மக்கோவன் வீதிப் பக்கம், 1960களின் கடைசியில் கட்டிய பங்களா. அம்மாவுக்குப் படியேறக் கஷ்டம் என்று பேஸ்மன்டில் ஒரு குளியலறை போட்டோம். அதற்காக வாங்கிய சாமான்களைப் பற்றித்தான் இது.

இந்தக் காலத்தில் செப்பா என்று கேட்கிற ஆக்கள் கனக்க. நியாயமான கேள்விதான். புது வீடுகளில் இப்போது ஓடுவது பெக்ஸ் என்ற பிளாஸ்டிக் குழாய். விலை குறைவு, வளையும், நெருப்புப் பிடிக்கத் தேவையில்லை, உள்ளே தண்ணி உறைந்தாலும் செப்பைப் போலப் பிளக்காமல் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். முழு வீட்டையும் உடைத்துக் கட்டுகிறவருக்கு நானும் பெக்ஸைத்தான் சொல்வேன். என் வீட்டில் ஏற்கெனவே ஓடுவது செப்பு. அதை வெட்டிச் சில அடி நீட்டுவதற்கு இரண்டு சாமானைக் கலக்க விருப்பமில்லை. இன்னொரு கணக்கும் இருக்கிறது. அரை அங்குலப் பெக்ஸின் உள்வாய் 0.475 அங்குலம். அரை அங்குல எல் செப்பின் உள்வாய் 0.545. தண்ணி போகும் பரப்பில் பார்த்தால் கால்வாசி குறைவு. வளையம் போட்டு இறுக்கும் பெக்ஸ் பிட்டிங் குழாய்க்கு உள்ளே போவதால் அந்த இடத்தில் இன்னும் ஒடுங்கும். மேலே ஒருவர் பாத்திரம் கழுவ, கீழே ஒருவர் குளிக்கிற வீட்டில் இது தெரியும்.

பழைய வீட்டுக்காரர் கட்டாயம் பார்க்கவேண்டிய விஷயம் ஒன்று: மின்சார எர்த் தண்ணிக் குழாயில் கட்டியிருக்கிறதா என்று. அந்தக் காலத்து வீடுகளில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். நடுவில் ஒரு துண்டு பிளாஸ்டிக் புகுந்தால் எர்த் தொடர்பு அறுந்துவிடும். தண்ணி வழமைபோல வரும், ஆபத்து மட்டும் வெளியே தெரியாது. எலக்ட்ரீஷியனைக் கேட்காமல் மெயின் குழாயில் கை வைக்காதீர்கள்.

ரொறொன்ரோ ஆக்களுக்குப் பிளாஸ்டிக் குழாய் என்றாலே ஒரு தயக்கம் இருப்பதற்குக் காரணம் கைடெக் என்ற பழைய குழாய். 1990களின் நடுவிலிருந்து 2007 வரை கொண்டோக்களிலும் டவுன்ஹவுஸ்களிலும் கனக்கப் போட்டார்கள். சுடுதண்ணிக்குச் செம்மஞ்சள், பச்சைத்தண்ணிக்கு நீலம், நடுவில் மெல்லிய அலுமினியத் தகடு. அதன் பித்தளைப் பிட்டிங்கிலிருந்து துத்தநாகம் கரைந்து வெளியேறி, பிட்டிங் பலம் இழந்து, கடைசியில் வழக்காகி, நட்டஈட்டுக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள் 2020 ஜனவரி 9 என்று முடிந்தது. இன்றைக்கும் வீடு வாங்கப் போகிறவர் கேட்கிற கேள்விகளில் இது ஒன்று. பெக்ஸ் வேறு சாமான். கைடெக்கோடு சேர்த்து அதைத் திட்டுவது அநியாயம். ஆனால் கைடெக் கதையில் பழுதாய்ப் போனதில் பெரும்பங்கு குழாய் அல்ல, பிட்டிங். அதை மனதில் வைத்துக்கொண்டுதான் நான் செப்பு வாங்கும்போதும் குழாயை விடப் பிட்டிங்கைக் கூடநேரம் பார்த்தேன்.

ஹோம் டிப்போ கடையில் குழாய் அடுக்கியிருக்கும் இடத்தில் நின்றால் சிவப்பு எழுத்துக் குழாயும் நீல எழுத்துக் குழாயும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். சிவப்பு எம், நீலம் எல், பச்சை கே. மஞ்சள் என்று ஒன்று உண்டு, அது கழிவுத்தண்ணிக்கு. கறுப்பு ஏபிஎஸ் பிளாஸ்டிக் குழாய் வந்தபிறகு வீட்டு வேலைக்கு அதை யாரும் தேடுவதில்லை. மையெழுத்து அழிந்திருந்தால் பயப்படவேண்டாம், குழாயின் உடம்பிலேயே எழுத்துப் பொறித்திருக்கும், வெளிச்சத்தில் சரித்துப் பாருங்கள்.

எம், எல், கே மூன்றுக்கும் வெளிவிட்டம் ஒன்றே. அரை அங்குலக் குழாயை வெளியே அளந்தால் 5/8 அங்குலம், முக்கால் அங்குலக் குழாய் 7/8. பெயரோடு எப்போதும் 1/8 கூட்டிக்கொள்ளவேண்டும். ஆகவே பிட்டிங் எல்லாம் பொது. எம் வாங்கியவரும் எல் வாங்கியவரும் ஒரே எல்போவைத்தான் (வளைவுப் பிட்டிங்) எடுப்பார்கள். வித்தியாசம் சுவரின் தடிப்பில். அரை அங்குலத்தில் கே 1.24 மில்லிமீற்றர், எல் 1.02, எம் 0.71. 12 அடி எல் குழாய் ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூட, அதே நீளத்து எம் 1.1 கிலோ. இரண்டு கையிலும் ஒவ்வொன்றைத் தூக்கினால் அளவுகோல் தேவையில்லை.

செப்புக் குழாயைச் சென்னையிலோ கொழும்பிலோ ஏசி போடும்போது மட்டும் கண்ட ஆக்கள் இந்த அளவில் மாட்டுப்படுவார்கள். ஏசிக்கு விற்கும் குழாயில் அரை அங்குலம் என்றால் வெளியே அளந்தாலும் அரை அங்குலம்தான். தண்ணிப் பிட்டிங்குக்குள் அது தொளதொளவென்று ஆடும், எவ்வளவு சோல்டர் ஊற்றினாலும் நிற்காது. வளைந்த சுருளாக, நுனி இரண்டும் அடைத்து விற்றால் பெரும்பாலும் ஏசிக் குழாய்.

கே ரகத்தைப் பற்றி வீட்டுக்காரர் கவலைப்படத் தேவையில்லை. வீதியிலிருந்து வீட்டுக்கு மண்ணுக்குள்ளால் வரும் குழாய் அது, வளையக்கூடிய மென்மையான செப்பு. அந்த வேலையை நாங்கள் செய்வதுமில்லை.

எம்மா எல்லா என்பதில்தான் கதை. ஒன்ராறியோவில் நிலத்துக்கு மேலே, வீட்டுக்குள் எம் போடச் சட்டம் விடுகிறது, மண்ணுக்குள்தான் கூடாது. எனக்கு வேலை பார்த்துத் தந்த பிளம்பர் அண்ணை வல்வெட்டித்துறைக்காரர், லைசன்ஸ் உள்ளவர். சாமானை நீங்களே வாங்குங்கோ, நான் என்ன வாங்கவேணும் எண்டு மட்டும் சொல்லுறன் என்றார். எம் விலை குறைவாக இருக்கிறதே என்று கேட்டேன்.

"தம்பி, எம் கூடாத சாமான் எண்டு நான் சொல்லேல்லை. பேஸ்மன்ட் சீலிங்கில திறந்து கிடக்கிறதுக்குத் தாராளமாப் போடலாம். டைல்ஸுக்குப் பின்னால ஓட்டை விழுந்தா உடைச்சுத் திருப்பிக் கட்டுற காசை ஆர் தாறது?"

"சட்டம் விடுதுதானே அண்ணை?"

"சட்டம் விடும். டைல்ஸ்காரன் விடமாட்டான்."

எல் எம்மை விட 40 வீதத்துக்கு மேல் தடிப்பு. ஒரு குளியலறைக்குத் தேவையான நீளத்தில் விலை வித்தியாசம், குடும்பத்தோடு ஒரு மாலை கொத்துரொட்டிக் கடைக்குப் போய்வரும் காசு. இந்தக் காசுக்கு எம் வாங்கிச் சுவருக்குள் மூடுவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

ஆனால் எல் வாங்கினால் ஓட்டை விழாது என்று நினைக்கவும் கூடாது. செப்புக் குழாயில் ஊசித்துளை விழுவதற்குத் தடிப்பு மட்டும் காரணமில்லை. கட்டரால் வெட்டும்போது உள்விளிம்பு மடிந்து பிசிர் நிற்கும். அதைச் சுரண்டி எடுக்காமல் ஒட்டினால் தண்ணி அந்த இடத்தில் சுழன்று, பின்னால் வரும் செப்பை வருடக்கணக்கில் அரித்துக்கொண்டே இருக்கும். சுடுதண்ணி விநாடிக்கு 5 அடிக்கு மேல், பச்சைத்தண்ணி 8 அடிக்கு மேல் ஓடவிடக்கூடாது என்பது செப்புக்காரர் வைத்திருக்கும் கணக்கு. இரண்டு குளியலறைக்கும் சேர்த்து அரை அங்குலத்தை ஓடவிடாமல் முக்கால் அங்குலத்தில் கொண்டுபோய்ப் பிறகு பிரிப்பது இதனால்தான். மூன்றாவது, சோல்டர் ஓடுவதற்காக மூட்டில் பூசும் பசையான பிளக்ஸ். அளவுக்கு மிஞ்சிப் பூசினால் உருகி உள்ளே வடிந்து, குழாயின் அடியில் படிந்து அதுவே அரிக்கும். ஆகவே கட்டரோடு பிசிர் எடுக்கும் கத்தியும் வாங்குங்கள். சில கட்டர்களின் முதுகிலேயே மடக்கி வைத்திருப்பார்கள். எல்லாவற்றிலும் மலிவான சாமான் இது, எல்லாரும் பாவிக்காமல் விடுகிறதும் இது.

இனிப் பிட்டிங். பெரிய கடையில் பத்து, இருபத்தைந்து என்று பைக்கட்டில் வாங்கினால் ஒற்றையாக வாங்குவதை விட நல்ல இலாபம். கூட வாங்கி மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கலாம், பில் மட்டும் கவனம். பிளம்பர்கள் வாங்கும் சப்ளைக் கடைக் கவுண்டர் வேறு உலகம். அங்கே தட்டில் பார்த்து எடுக்கமுடியாது, பெயர் சொல்லிக் கேட்கவேண்டும், பின்னால் நிற்கிற ஆள் பெருமூச்சு விடுவார். எழுதிக்கொண்டு போங்கள்: அரை அங்குல நைன்டி (90 பாகை எல்போ) இத்தனை, ஸ்ட்ரீட் நைன்டி இத்தனை, முக்கால்-அரை-அரை டீ இத்தனை. ஸ்ட்ரீட் என்பது ஒரு பக்கம் குழாயின் அளவிலேயே இருக்கும் எல்போ. நேரே இன்னொரு பிட்டிங்குக்குள் செருகலாம், நடுவில் குட்டிக் குழாய் வெட்டத் தேவையில்லை. ஜொயிஸ்டுகளுக்கு (தளத்தைத் தாங்கும் மரச்சட்டங்கள்) இடையில் நெளிந்து போகவேண்டிய இடத்தில் இதன் அருமை விளங்கும். ஆரம்பத்தில் கவுண்டரில் என்னை ஆளாகவே மதிக்கவில்லை, ஆனால் சாமானின் தரத்தில் எந்தக் குறையும் சொல்லமாட்டேன். பித்தளைச் சாமான்கள் பாரம் கூடியவை, மரை வடிவாக வெட்டியிருந்தது.

மூன்று பிட்டிங்கைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும்.

கப்ளிங் இரண்டு வகை. ஒன்றில் நடுவே ஒரு தடுப்பு இருக்கும், குழாய் அதில் முட்டி நிற்கும். மற்றதில் தடுப்பு இல்லை, குழாயில் முழுதாகச் சறுக்கும். அதுதான் ஸ்லிப் கப்ளிங். இரண்டு பக்கமும் அசையாமல் நிற்கும் பழைய குழாயின் நடுவில் ஒரு துண்டை வெட்டி மாற்றும்போது தடுப்பு உள்ளது பிரயோசனப்படாது. புதுத் துண்டை வைத்து, ஸ்லிப்பைச் சறுக்கி நடுவுக்குக் கொண்டுவந்து ஒட்டவேண்டியதுதான். தட்டில் இரண்டும் ஒரே மாதிரிக் கிடக்கும், உள்ளே விரலை விட்டுப் பாருங்கள்.

ஷவர் குழாய் சுவரிலிருந்து வெளியே வரும் இடத்துக்குக் காது வைத்த எல்போ. வார்ப்புப் பித்தளை, இரண்டு காதிலும் ஸ்க்ரூ போட்டு மரத்தோடு பிடிக்கும். இதைத் தவிர்த்துவிட்டுச் சாதாரண எல்போ போட்டால் ஷவரைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் சுவருக்குள் குழாய் ஆடும். வார்ப்புப் பித்தளை சூடேற நேரம் எடுக்கும், அவசரப்படக்கூடாது.

வால்வு. இங்கேதான் காசைச் செலவழியுங்கள். பழைய வீடுகளில் வட்டப் பிடியைப் பலமுறை சுற்றும் கேட் வால்வு இருக்கும். பல வருடம் அசையாமல் கிடந்தால் தேவையான நேரத்தில் மூடாது. கால் திருப்பில் மூடும் பால் வால்வு போடுங்கள், ஒவ்வொரு குளியலறைக்கும் தனித்தனியாக. ஈயமில்லாதது என்று குறித்திருக்கவேண்டும். தண்ணி படும் பரப்பில் ஈயம் சராசரியாக 0.25 வீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது அதன் கணக்கு. சோல்டர் வைக்கும் வால்வை ஒட்டும்போது திறந்த நிலையில் வையுங்கள், உள்ளே இருக்கும் வெள்ளை வளையம் கருகாது.

ஈயம் என்றவுடன் பழைய சோல்டரைப் பற்றிச் சொல்லாமல் போகமுடியாது. கனடாவின் பிளம்பிங் விதியில் ஈயக் குழாய் 1975 வரையும், ஈயம் கலந்த சோல்டர் 1986 வரையும் அனுமதியில் இருந்தன. என்னுடையது போன்ற வீட்டில் பழைய மூட்டெல்லாம் பாதிக்குப் பாதி ஈயம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்த மூட்டைச் சூடாக்கிக் கழற்றித் திரும்பப் பாவிக்கவேண்டாம். இரண்டு பக்கமும் தள்ளி வெட்டி எறிந்துவிட்டுப் புதிய பிட்டிங் வையுங்கள். குடிதண்ணியில் ஈயத்துக்கான உச்ச அளவை 2019இல் ஹெல்த் கனடா லீற்றருக்கு 10 மைக்ரோகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தது. காலையில் குழாயைக் கொஞ்சநேரம் ஓடவிட்டுப் பிறகு தேத்தண்ணிக்கு எடுப்பது நல்ல பழக்கம்.

புதிய சோல்டர் 95/5 என்று விற்பது: 95 பங்கு தகரம், 5 பங்கு அந்திமனி. 235 பாகை செல்சியஸ் அளவில் உருகும், பழைய ஈய சோல்டரை விடச் சூடு கூடத் தேவை. வெள்ளிச் சத்துக் கொஞ்சம் சேர்த்த இன்னொரு வகையும் உண்டு. அது இடைவெளியைக் கொஞ்சம் நன்றாக நிரப்புகிறது, விலையும் கூட. எனக்கு 95/5இல் குறை இல்லை. டோர்ச்சுக்கு நீல சிலிண்டர் புரோபேன், மஞ்சள் சிலிண்டர் மப்-ப்ரோ. அரை அங்குலத்துக்கும் முக்காலுக்கும் நீலம் தாராளம். மஞ்சள் வேகமாகச் சூடாக்கும், கை பழகாதவர் பிளக்ஸைக் கருக்கிவிடுவார்; கருகிய பிளக்ஸில் சோல்டர் ஓடாது. சூடு பிட்டிங்குக்கு, சோல்டர் மூட்டின் மறுபக்கத்துக்கு. சுவாலையில் சோல்டரைக் காட்டி உருக்கினால் வெளியே சொட்டாக நிற்குமே தவிர உள்ளே இழுபடாது.

குழாயில் ஒரு துளி தண்ணி வந்துகொண்டிருந்தாலும் சூடு ஏறாது. அதற்குப் பிளம்பர் அண்ணையின் மருந்து பாண். கரையை எடுத்துவிட்டு வெள்ளைப் பாணை உருட்டிக் குழாய்க்குள் அடைத்தார், ஒட்டி முடித்துத் தண்ணியைத் திறந்தபோது கரைந்து போய்விட்டது. தண்ணி வெளியே வரும் கடைசிக் குழாயின் வாயில் இருக்கும் வலையைக் கழற்றிவிட்டுத் திறக்கவேண்டும், இல்லையென்றால் பாண் அங்கே போய் அடைக்கும். மரத்துக்குப் பக்கத்தில் ஒட்டும்போது நெருப்புத் துணி, தண்ணிப் போத்தல், அணைக்கும் கருவி மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில். வேலை முடித்தவுடன் வீட்டை விட்டு வெளியே போகாதீர்கள். மரத்தூளுக்குள் பிடித்த நெருப்பு நேரம் கழித்துத்தான் புகையும்.

நெருப்பே வேண்டாம் என்கிறவருக்கு ஷார்க்பைட். பித்தளை உடம்பு, உள்ளே துருப்பிடிக்காத பல்லுவளையம், அதற்குப் பின்னால் ஒரு ரப்பர் வளையம். குழாயைச் செருகினால் பல் கவ்வும், ரப்பர் அடைக்கும். 200 பாகை பாரன்ஹீட், 200 பிஎஸ்ஐ வரை தாங்கும் என்று போட்டிருக்கிறது, வீட்டுத் தண்ணிக்கு இது மிஞ்சிய அளவு. செப்பு, பெக்ஸ், சிபிவிசி என்ற இன்னொரு பிளாஸ்டிக் மூன்றையும் இணைக்கும். தண்ணி சொட்டும் ஈரக் குழாயிலும் பூட்டலாம், இது ஒன்றுக்காகவே காசு கொடுக்கலாம். ராத்திரியில் குழாய் வெடித்தால் வெட்டி, மூடியை அமத்திவிட்டு, வீட்டின் மற்றப் பக்கத்துக்குத் தண்ணி விடலாம். நான் அலுமாரியில் வைத்திருப்பது அரை அங்குலத்துக்கும் முக்காலுக்கும் மூடிகளும் ஒரு கப்ளிங்கும்.

சுவருக்குள் வைக்கலாம் என்று தயாரித்தவர்களே சொல்கிறார்கள், சட்டமும் தடுக்கவில்லை. ஆனாலும் நான் டைல்ஸுக்குப் பின்னால் வைக்கவில்லை. ரப்பர் வளையத்தை நம்பவேண்டிய மூட்டைக் கண் பார்க்கிற இடத்தில் வைக்கத்தான் மனம் சொல்கிறது. இன்னொன்று, பூட்டியபிறகும் சுழலும். ஷவர் வால்வுக்கு மேலே போகும் குழாயில் அந்த ஆட்டம் எனக்குப் பிடிக்கவில்லை. விலையும் சாதாரண எல்போவைப் போலப் பல மடங்கு. வாங்கினால் குழாயில் செருகும் ஆழத்தை, அரை அங்குலத்துக்கு ஏறக்குறைய ஒரு அங்குலம், மார்க்கரால் கோடு போட்டுவிட்டு அமத்துங்கள். பழைய குழாயில் சோல்டர் மிச்சமோ பெயின்டோ இருந்தால் உரசி எடுக்காமல் பூட்டவேண்டாம், ரப்பர் கீறுப்படும்.

மெஷினால் நசுக்கிப் பூட்டும் புரோபிரஸ் பிட்டிங்கும் இருக்கிறது. நெருப்பில்லை, விநாடிகளில் முடியும், அமத்த மறந்த மூட்டு சோதனையில் ஒழுகிக் காட்டிக்கொடுக்கும். மெஷின் விலை ஆயிரக்கணக்கில். கொண்டோக்களில் வேலை செய்கிறவர்களுக்கு அது சரி. ஒரு குளியலறைக்கு வாடகைக்கு எடுத்தாலும் எனக்குக் கட்டுப்படியாகவில்லை.

பேஸ்மன்டில் புதுக் குளியலறைக்கு நகரசபை பெர்மிட் வேண்டும். சுவரை மூடுமுன் இன்ஸ்பெக்டர் வந்து அழுத்தம் ஏற்றிய குழாயைப் பார்ப்பார். எங்களுக்கு வந்தவர் மூட்டுகளைப் பார்த்ததை விட, குழாயைப் பிடித்திருந்த கிளிப்புகளைத்தான் கூடநேரம் பார்த்தார். செப்புக்குச் செப்புக் கிளிப் அல்லது பிளாஸ்டிக் பூசியது வாங்குங்கள். வெறும் இரும்புக் கிளிப் ஈரத்தில் செப்போடு சேர்ந்து அரிக்கும், வாஷிங் மெஷின் தண்ணியை நிறுத்தும்போதெல்லாம் தட்டும். வெளிச்சுவர்ப் பக்கம் குழாயை ஓடவிடாமல் உள்சுவரால் கொண்டுபோங்கள். ஜனவரிக் குளிரில் எல்லும் எம்மும் ஒன்றுபோலத்தான் பிளக்கும்.

வெட்டிய துண்டுகளைக் குப்பையில் போடாமல் ஒரு வாளியில் சேர்த்து வையுங்கள், பழைய உலோகக் கடையில் எடுப்பார்கள். சோல்டர் பட்ட துண்டைத் தனியாகப் பிரியுங்கள், சுத்தமான செப்போடு கலந்தால் முழு வாளிக்கும் குறைந்த விலையைத்தான் போடுவார்கள்.